கூலன்ட் குறைகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டைப் போன வாரம்தான் ஊற்றினோம், இன்று பானெட்டைத் திறந்தால் பாட்டிலில் மறுபடியும் லோ கோட்டுக்குக் கீழே கிடக்கிறது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் தரை காய்ந்திருக்கிறது, டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது, ஓட்டத்திலும் குறை இல்லை. மெக்கானிக்கிடம் போனால் பாட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார், இறக்கிப் பார்த்துடலாம்" என்கிறார். ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி, அதற்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைத்திருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள்.

நானும் கேட்டேன். என்னுடையது 2004 மாடல் பெட்ரோல் கார், திருச்சியில் ஓடுகிறது, வாரத்துக்கு 150 மில்லி போலக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத் தலையாட்டியிருந்தால் ஹெட் இறக்கி, லேத்துக்கு அனுப்பி, கேஸ்கட் செட் வாங்கி, கூலி கொடுத்து, ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை போயிருக்கும். கடைசியில் ஆன செலவு ஒரு துண்டு ஹோஸும் இரண்டு கிளிப்பும். அது எங்கே ஒளிந்திருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். ஹெட் கேஸ்கட் போகாது என்று நான் சொல்லவில்லை, வயசான வண்டியில் போகும்தான். ஆனால் அதைக் கடைசியில் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை எல்லாமே மலிவானவை, பாதி நம் கையாலேயே பார்க்கக்கூடியவை.

ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு எச்சரிக்கை. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். துணி போட்டுப் பிடித்துக்கொள்கிறேன், மெதுவாகத் திருகுகிறேன் என்பதெல்லாம் வேண்டாம். உள்ளே 100 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கிறது, மூடி கழன்ற நொடியில் அது கொதித்து முகத்துக்குப் பாயும். இங்கே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவை ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியில், காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியவை.

முதலில், உண்மையிலேயே குறைகிறதா என்று பாருங்கள். சூடானால் கூலன்ட் விரிந்து பாட்டிலுக்கு வரும், ஆறினால் திரும்ப ரேடியேட்டருக்குள் போகும். அதனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பார்த்த அளவையும் மறுநாள் காலையில் பார்த்த அளவையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். எப்போதும் ஒரே இடத்தில், சமதரையில், காலையில் பாருங்கள். சமீபத்தில் கூலன்ட் மாற்றியிருந்தாலோ ஹோஸ் ஏதாவது கழற்றி மாட்டியிருந்தாலோ, உள்ளே சிக்கிய காற்று வெளியேறும் வரை முதல் சில ஓட்டங்களில் அளவு கொஞ்சம் இறங்கும், அது கோளாறு இல்லை.

பாட்டிலில் ஒரு துண்டு டேப் ஒட்டி, இன்றைய மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குக் கீழே போனால் அளந்து ஊற்றுங்கள். மருந்துக் குப்பியோடு வரும் சின்னக் கிண்ணம் போதும், 180 மில்லி காலி பாட்டில் இருந்தால் இன்னும் வசதி, அது எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டால் அது உங்கள் பாடு. இரண்டு வாரம் இப்படி எழுதினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வண்டி நின்றிருந்த நாட்களிலும் இறங்கினால் வெளிக்கசிவு. நகரத்துக்குள் ஓட்டும்போது இறங்காமல், நெடுஞ்சாலையில் வேகமாகப் போன பிறகோ ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டு வந்த பிறகோ மட்டும் மளமளவென்று இறங்கினால் மூடி, ஃபேன், கேஸ்கட் என்று யோசிக்கலாம். டிராஃபிக்கில் நின்றால் மட்டும் இறங்கினால் ஃபேனைப் பாருங்கள்.

எதை ஊற்றுவது? ஏற்கெனவே இருக்கும் அதே வகைக் கூலன்ட். அது கிடைக்காவிட்டால் டிஸ்டில்டு வாட்டர், பேட்டரிக்கு என்று கடையில் விற்பது, ஆனால் லேபிளைப் படித்து வாங்குங்கள், பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும். போர் தண்ணீர் மட்டும் வேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீர் குடத்தில் என்ன கறை படியவைக்கிறதோ அதையேதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் செய்கிறது. பச்சையோடு பச்சை சேரும் என்று நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சாயம், அவ்வளவுதான்.

சரி, இப்போது மூடி. இது ஏதோ பாட்டில் மூடி மாதிரி என்று நினைத்துத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இதற்குள் இரண்டு வால்வு இருக்கிறது. பெரியது, ஸ்பிரிங் வைத்தது, அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பார்கள், அது எத்தனை பார் வரை பிடிக்கும் என்ற கணக்கு. 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 119 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. ஸ்பிரிங் தளர்ந்து, ரப்பர் காய்ந்து போனால் இந்த அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரமே கொதித்துப் பாட்டிலுக்குத் தள்ளப்பட்டு, பாட்டிலும் நிறைந்து ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக ரோட்டில் போகும். நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், அதனால் தரையில் ஈரம் எப்படித் தெரியும்?

சின்ன வால்வு எதிர்த்திசை வேலை செய்கிறது, இன்ஜின் ஆறும்போது பாட்டிலிலிருந்து கூலன்டைத் திரும்ப உறிஞ்ச வழிவிடுகிறது. இது மாட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் யாரோ கையால் அமுக்கிப் பிடித்த மாதிரி சப்பையாகக் கிடக்கும். இன்னொரு அடையாளம், பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே கழுத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். அதற்கு மூடி காரணமாக இருக்கலாம், அல்லது ரேடியேட்டர் கழுத்திலிருந்து பாட்டிலுக்குப் போகும் அந்த மெல்லிய ரப்பர் குழாயில் விரிசல் விழுந்து கூலன்டுக்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று பானெட்டை மூடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பத்து வருஷம் மாற்றாத மூடியா, யோசிக்கவே வேண்டாம், சில நூறு ரூபாய்தான், அதே அழுத்த எண் போட்ட புதியதை மாட்டுங்கள். கூட இருக்கட்டுமே என்று 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் அடுத்து பலவீனமாக இருக்கும் ஹோஸ் வாயைத் திறக்கும். சில வண்டிகளில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, அழுத்தம் முழுக்க பாட்டிலில்தான். அங்கே பாட்டிலின் மூடியையும், பிளாஸ்டிக் பாட்டிலின் ஒட்டு விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்து வெளிக்கசிவு. தரையில் ஈரம் இல்லை என்பதால் கசிவு இல்லை என்று அர்த்தம் இல்லை. ஓடும்போது சொட்டுச் சொட்டாக விடும் கசிவு சூடான இரும்பில் விழுந்து அங்கேயே ஆவியாகிவிடும். தண்ணீர்தான் போகும், கூலன்டில் இருக்கும் மற்றவை போகாது, உப்புப் பூத்த மாதிரி ஒரு படிவு நிற்கும், வெள்ளையாகவோ, உங்கள் கூலன்டின் சாயம் கலந்து வெளிர் பச்சை, வெளிர் சிவப்பாகவோ. நீங்கள் தேட வேண்டியது ஈரத்தை அல்ல, இந்தப் பூப்பை. போன் டார்ச்சும் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஹோஸும் முடியும் இடம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு, தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பக் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) உட்காரும் மூடியின் விளிம்பு, இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் அடைத்திருக்கும் வட்டத் தகடுகள் என்று வரிசையாகப் பாருங்கள். போர் தண்ணீரிலேயே ஓடிய வண்டியென்றால் அந்தத் தகடுகள் உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருக்கும்.

வாட்டர் பம்ப்பைத் தனியாகப் பாருங்கள். பம்ப்பின் ஷாஃப்டுக்குக் கீழே வேண்டுமென்றே ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள், உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்த ஓட்டை வழியாக வெளியே வருவதற்காக. அதிலிருந்து கோடு இழுத்த மாதிரி கறை இறங்கியிருந்தால் பம்ப் மாற்ற நேரம் வந்துவிட்டது. அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்த வண்டியையும் பார்த்திருக்கிறேன், என்ன சொல்வது. சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட்தான் பம்ப்பையும் சுற்றும், அப்போது பம்ப் கவருக்குள் ஒளிந்திருக்கும், கவரின் அடி விளிம்பில் மட்டும்தான் தடயம் கிடைக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பெல்ட் மாற்றும்போதே பம்ப்பையும் மாற்றிவிடுவது நல்லது, கூலி ஒரே கூலி.

இன்னொன்று, குளிரில் மட்டும் கசியும் இடங்கள் உண்டு. ரப்பர் சுருங்கி, கிளிப்பின் பிடி தளர்ந்து, விடியற்காலையில் இரண்டு சொட்டு விடும். இன்ஜின் சூடாகி விரிந்ததும் தானாகவே அடைத்துக்கொள்ளும். வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினால் ஒன்றும் தெரியாது. ராத்திரி வண்டிக்கு அடியில் பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிடுங்கள், இன்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு மாட்டியிருந்தால் அது சொட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முடிந்தால் அதைக் கழற்றிவிட்டு விரியுங்கள். காலையில் அட்டையில் கறை இருந்தால் அதற்கு நேர் மேலே தேடுங்கள். ஏசி தண்ணீரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அது நிறமில்லாமல், வாசனையில்லாமல், சாதாரணத் தண்ணீராகவே இருக்கும். கூலன்டை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் வழுக்கும். ருசி பார்க்க வேண்டாம், விஷம்.

இங்கேதான் என் கதை. மேலே சொன்னதை எல்லாம் பார்த்தேன், மூடியும் மாற்றினேன், அளவு இறங்கிக்கொண்டேதான் இருந்தது. ஒரு நாள் சமயபுரம் டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போது ஏசி காற்றோடு ஒரு வாசனை வந்தது, வெல்லப்பாகு அடிபிடிக்கும்போது வருமே, அதோடு கொஞ்சம் மருந்து வாடை சேர்ந்த மாதிரி. வண்டி நகர்ந்ததும் போய்விட்டது. முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே வருகிறது என்பதால், இன்ஜினின் பின்பக்கத்தில் எங்கேயோ கூலன்ட் சுடுகிறது என்று தோன்றியது. மறுநாள் காலையில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் பிரஷர் டெஸ்டர் வாங்கி மாட்டினோம்.

இந்த டெஸ்டர் ஒன்றும் பெரிய கருவி இல்லை, சைக்கிள் பம்ப்பில் ஒரு மீட்டர் வைத்த மாதிரி இருக்கும். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடிக்குப் பதில் இதை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் எண் வரை கையால் அடித்துவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். கால் மணி நேரம் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் எங்கேயோ போகிறது, வண்டி ஓடாததால் எதுவும் ஆவியாகாது, ஃபேன் காற்று அடிக்காது, கசிவு இருந்த இடத்திலேயே முத்தாகத் திரளும். என் வண்டியில் முள் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. இருபது நிமிஷம் எதுவும் தெரியவில்லை. பிறகு இன்ஜினுக்குப் பின்னால், இன்ஜினையும் நாம் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் ஃபயர்வாலை ஒட்டி, ஹீட்டருக்குப் போகும் ஹோஸின் முனையில் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் கிளிப்புக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு பெரிதாகிக்கொண்டு வந்தது. கிளிப்பைக் கழற்றினால் அதற்குக் கீழே ரப்பர் நீளவாக்கில் வெடித்திருந்தது, வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரி. பக்கத்து இரும்பில் விரல் நக அளவுக்கு வெளிர் சிவப்புப் பூப்பு. திருச்சி வெயிலில் ஹீட்டரை நான் ஒரு நாளும் போட்டதில்லை, ஆனால் பல வண்டிகளைப் போல இதிலும் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த ஹோஸில் கூலன்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

டெஸ்டரிலும் பிடிபடாத கசிவுக்குப் புற ஊதா சாயம் இருக்கிறது. கூலன்டுக்கு என்றே விற்பதை வாங்கி ஊற்றி, நாலைந்து நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், கசிந்த வழி மின்னும். கள்ள நோட்டுப் பார்க்கிற சின்ன விளக்கே போதும்.

ஹீட்டரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் கோர் என்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அது கசிந்தால் வண்டிக்குள்ளேயே ஊற்றும். முன் சீட்டுக் கால்மிதிக்கு அடியில் இருக்கும் கார்ப்பெட்டைத் தூக்கி, கீழே உள்ள பஞ்சை அமுக்கிப் பாருங்கள். முன் கண்ணாடியின் உட்பக்கத்தில் துடைத்தாலும் திரும்பத் திரும்ப எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படிந்தாலும் இதுதான். ஏசி டிரெயின் அடைத்தாலும் கார்ப்பெட் நனையும், ஆனால் அது வழுக்காது.

ஃபேனைச் சோதிக்கச் சுலபமான வழி, ஏசியைப் போட்டால் பல வண்டிகளில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். ஆனால் அது போதாது, ஏசியை அணைத்துவிட்டு நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, முள் நடுவைத் தாண்டுவதற்குள் ஃபேன் தானாக ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். "இந்த ஊருக்கு அதெல்லாம் எதுக்கு" என்று கழற்றி வீசுவது நம் வொர்க்‌ஷாப்களில் பழைய பழக்கம். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

இத்தனையும் பார்த்து, டெஸ்டரில் முள் இறங்குகிறது, ஆனால் வெளியே எங்கும் ஒரு சொட்டும் இல்லை என்றால், அப்போது உள்ளே போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஹெட் கேஸ்கட்டுக்கு என்று ஊர் சொல்லும் அடையாளங்களில் சிலவற்றை நம்பாதீர்கள். ஆயில் மூடியின் உட்பக்கத்தில் டீயில் ஆடை படிந்த மாதிரி வெளுப்பாக இருப்பது, தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரத்தாலும் வரும். டிப் ஸ்டிக்கில் வரும் ஆயிலே பால் கலந்த மாதிரி இருந்தால்தான் கவலை. மார்கழிக் காலையில் சைலன்சரில் வரும் வெள்ளைப் புகையும் வெறும் ஆவிதான், வண்டி நன்றாகச் சூடான பிறகும் அடர்த்தியாக, அந்த வெல்லப்பாகு வாசனையோடு வந்தால் வேறு விஷயம். கூலன்டே குறையாமல் கேஸ்கட் போனதும் உண்டு, புகையே இல்லாமல் போனதும் உண்டு.

நான் நம்பும் அடையாளங்கள் இவை. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிஷத்திலேயே, சூடாவதற்கு முன்னாலேயே, மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது. ராத்திரி முழுக்க நின்று சில்லென்று ஆன வண்டியில் காலையில் மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்று வருவது. சூடு இல்லாத இடத்தில் அழுத்தம் இருக்கிறதென்றால் சிலிண்டரிலிருந்து புகை உள்ளே தள்ளியிருக்கிறது. காலையில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால், முதலில் கொஞ்சம் குமிழி வருவது சகஜம், சிக்கிய காற்று. அது நிற்காமல், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க அதிகமானால் சரியில்லை. முகத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள், சூடாவதற்கு முன் முடித்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள், மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போய் ஆவியாகிறது.

உறுதிப்படுத்த, நீல நிறத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கிறது. ரேடியேட்டர் கழுத்தில் வைத்து அங்கிருக்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக உறிஞ்சினால், எரிந்த வாயு கலந்திருக்கும் பட்சத்தில் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகவும் டீசலில் பச்சையாகவும் மாறும். கூலன்ட் கொஞ்சம் இறக்கி வைத்துச் செய்ய வேண்டும், திரவத்தில் கூலன்ட் கலந்துவிட்டால் சோதனை வீண். இது இல்லையென்றால் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட்டாவது கேளுங்கள், பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டிலும் குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கலாம். டீசல் வண்டிக்காரர்கள் ஹெட்டைத் தொடும் முன், இன்ஜினுக்குள் திருப்பி விடும் புகையைக் கூலன்டால் குளிர்விக்கும் இஜிஆர் கூலரைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அது உள்ளே விரிசல் விட்டாலும் கூலன்ட் காணாமல் போகும், வெள்ளைப் புகை வரும், கேஸ்கட் போன மாதிரியே நடிக்கும்.

காரணம் தெரியும் வரை ஓட்டலாமா? மெதுவாகக் குறைகிறதென்றால் தினமும் பார்த்து ஊற்றி, பக்கத்தில் ஓட்டலாம். முள் நடுவில் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் மட்டும் ஓட்டாதீர்கள். கூலன்ட் மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது ஆவியில் தொங்கிக்கொண்டு தப்பான சூட்டைக் காட்டும், முள் சாதுவாக இருக்கும்போதே ஹெட் வளைந்துகொண்டிருக்கும். கசிவை அடைக்கும் கெமிக்கலும், நம் லாரிக்காரர்களின் மஞ்சள் தூள் வைத்தியமும் நடுரோட்டில் மாட்டிக்கொண்டால் வீடு சேர்க்கும், ஆனால் அதே மஞ்சள்தான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் போய் அடைக்கும், பிறகு ஒரு கோளாறு இரண்டாகும்.

மெக்கானிக்கிடம் போகும்போது உங்கள் இரண்டு வாரக் குறிப்பைக் காட்டுங்கள். "பிரஷர் டெஸ்ட் போட்டுப் பாத்துட்டீங்களாண்ணே, முள்ளு எவ்வளவு நேரத்துல எறங்குச்சு?" என்று மட்டும் கேளுங்கள். டெஸ்டரே இல்லை, ஆனால் ஹெட் கேஸ்கட்தான் என்று அடித்துச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சரி செய்த பிறகும் டேப்பைக் கிழிக்காமல் ஒரு மாதம் பார்த்து வாருங்கள், என் வண்டியில் இன்னும் ஒட்டியே இருக்கிறது. வேலை நடந்த இடத்தில் கொட்டிய கூலன்டை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், வடித்ததைத் திறந்த கிண்ணத்தில் வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெரு நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும்.